பழைய லென்ஸும் போர்க்காலப் படமும்: ராயக்கோட்டையில் ஒரு கழித்தல் கணக்கு

பழைய லென்ஸ்களுக்கு இப்போது மறுவாழ்வு வந்திருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பித்தளைக் குழாயில் பொருத்திய லென்ஸ்களையும், இரண்டாம் உலகப்போரில் உளவு விமானங்களில் ஏறிப் பறந்த லென்ஸ்களையும் தேடிப்பிடித்து, இன்றைய டிஜிட்டல் கேமராவில் ஓர் இணைப்பு வளையத்தின் துணையோடு மாட்டிப் படமெடுக்கிறார்கள். பழைய சீருடை, பழைய துப்பாக்கி, பழைய லென்ஸ் மூன்றும் சேர்ந்துவிட்டால் போர்க்காலப் படம் மீண்டும் பிறந்துவிடும் என்பது இவர்களில் பலருடைய நம்பிக்கை. படத்தின் ஓரங்கள் சுழன்று கலங்கியிருந்தால், நிழல்கள் வெளிறிப் பால்போல் ஆகியிருந்தால், 'அந்தக் காலத்துப் படம் மாதிரியே இருக்கிறது' என்று பார்ப்பவர் மனமும் ஒப்புக்கொள்கிறது. இந்த ஒப்புதலை ஒளியியல் ஏற்குமா என்பதுதான் இங்கே கேள்வி. பழைய லென்ஸ் மட்டும் பழைய படத்தைத் தராது. பழைய படத்தின் தோற்றத்தில் லென்ஸின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. ஆனாலும் இந்த மறு உருவாக்க முயற்சியைக் கைவிடக் கூடாது. அழகுக்காகச் செய்வதைச் சோதனையாகச் செய்தால், போர்ப் படங்களைச் சான்றாக வாசிப்பதற்கு அதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது. இதை ஆராய நாம் கிரிமியாவுக்கோ நார்மண்டிக்கோ போகவேண்டியதில்லை. ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் சுற்றியுள்ள மலைக்கோட்டைகளே போதும்.

மூன்றாம் மைசூர்ப் போரின் நடுவே, 1791 ஜூலையில், ஓசூரை அடுத்து ராயக்கோட்டை ஆங்கிலக் கம்பெனிப் படையின் கைக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கிய படை கீழ்க்கோட்டையைப் பிடித்தது. மேல்கோட்டையில் ஏறமுடியாமல் திரும்பியது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, இந்தக் கோட்டைகள் அடங்கிய பாராமகால் பகுதி கம்பெனிக்கு வந்தது. அந்த ஆண்டிலேயே இந்த வழியாகப் பயணம் செய்த ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் ராயக்கோட்டையை வரைந்தார்கள். காட்சியைத் தாளில் விழவைத்து அதன்மேல் கோடு இழுக்க உதவும் 'கேமரா அப்ஸ்கூரா' என்னும் இருட்டுப் பெட்டியை இந்தியப் பயணத்தில் பயன்படுத்திய ஓவியர்கள் இவர்கள். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல்தான். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே லென்ஸ் வழியாகக் காட்சியைப் பிடிக்கும் வழக்கம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பிறகு, சென்னை அரசின் ஒளிப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு 1857 டிசம்பரில் புறப்பட்டார். வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி அடங்காத நேரம் அது. அந்தப் பயணத்தில் எடுத்த படங்கள் 1858-இல் பல தொகுப்புகளாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் பற்றியது. ஆக, போர் நடந்த ஒரே மலை, இரண்டு தலைமுறை இடைவெளியில், ஒருமுறை ஓவியரின் கையாலும் ஒருமுறை படைவீரரின் கேமராவாலும் பதிவாகியிருக்கிறது. மலை இன்றும் இருக்கிறது. ஒளியியல் சோதனைக்கு இதைவிட நல்ல களம் அமைவது அரிது.

ட்ரைப் காலத்தில் ஒளிப்படக்காரர் முன் இருந்த லென்ஸ்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, 'இயற்கைக்காட்சி லென்ஸ்' எனப்பட்ட எளிய வகை. இரு வகைக் கண்ணாடிகளை ஒட்டிய ஒற்றை வில்லை, அதன் முன்னே ஒரு சிறு துளை, அவ்வளவுதான். துளை சிறியதாக இருந்ததால் வெளிச்சம் மெதுவாக வரும். ஆனால் கட்டடம், மலை, கோட்டை போன்ற நகராத பொருள்களுக்கு அது போதும். மற்றொன்று, வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வல் 1840-இல் கணக்கிட்டு வடிவமைத்த உருவப்பட லென்ஸ். அதன் துளை அளவு ஏறத்தாழ எஃப்/3.6. எஃப்/16 அளவில் இயங்கும் இயற்கைக்காட்சி லென்ஸோடு ஒப்பிட்டால் சுமார் இருபது மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். மனிதர்களை உட்காரவைத்துச் சில வினாடிகளில் படமெடுக்க அதுவே வழி செய்தது. அதற்கு விலையும் உண்டு. பெட்ஸ்வல் லென்ஸ் நடுவில் மட்டுமே கூர்மை தரும். அதன் குவியம் தட்டையான தளத்தில் விழாமல் கிண்ணம்போல் வளைந்த பரப்பில் விழுவதால், ஓரத்துக்குப் போகப் போகக் காட்சி கலங்கும். ஓரத்தில் ஒளிக்கற்றையின் ஒரு பகுதியைக் குழாயின் விளிம்பு வெட்டிவிடுவதால், பின்புலத்தின் ஒளிப்புள்ளிகள் பூனைக்கண்போல் நீண்டு படத்தின் மையத்தைச் சுற்றி வட்டமிடுவதாகத் தோன்றும். இன்று 'பழங்காலச் சுழல்' என்று பலர் தேடி அலைவது இந்தக் குறையைத்தான்.

முதல் சிக்கல் இங்கே தொடங்குகிறது. ட்ரைப்பின் பெரிய நெகட்டிவ்கள் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 49 சென்டிமீட்டர். இன்றைய முழுச்சட்ட டிஜிட்டல் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். மூலைக்கு மூலை 4.3 சென்டிமீட்டர். அந்தக் காலத்துப் பெரிய லென்ஸை இந்தச் சிறிய சென்சாரின் முன் வைத்தால், லென்ஸ் வரையும் பரந்த வட்டத்தில் பதினொன்றில் ஒரு பங்கு அகலத்தை மட்டுமே நாம் எடுத்துக்கொள்கிறோம். அதுவும் அதன் மிகக் கூர்மையான நடுப்பகுதியை. லென்ஸ் பிறழ்ச்சிகள் எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஓரக் கலக்கத்துக்குக் காரணமான குவியவளைவும் புள்ளிச் சிதைவும் மையத்திலிருந்து உள்ள தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்பவை. தொலைவு பதினொன்றில் ஒரு பங்கானால் அவை நூற்றிருபத்தொன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். நேர்கோடுகள் வில்லாக வளைவது இன்னும் வேகமாக, தொலைவின் கனத்தைப் பொறுத்துக் குறையும். அதாவது, லென்ஸின் தனித்தன்மை எங்கே குடியிருக்கிறதோ அந்த ஓரம் முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, எல்லா லென்ஸ்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் நடந்துகொள்ளும் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு 'பழைய தோற்றம்' என்கிறோம். பழைய லென்ஸின் குணம் வேண்டுமானால் பழைய அளவிலான தகடும் வேண்டும். பெரிய தகட்டுக் கேமராவின் பின்புறத்தில் சென்சாரைப் படிப்படியாக நகர்த்திப் பல துண்டுகளாக எடுத்து ஒட்டினாலும் சரி. இந்த ஒன்றைச் செய்யாத மறு உருவாக்கம் ஒளியியல் கணக்கில் தேறாது.

இரண்டாவது சிக்கல், லென்ஸ் எவ்வளவு பழையதோ படம் அவ்வளவு வெளிறும் என்ற தவறான நம்பிக்கை. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பிய ஒளி இன்னொரு பரப்பில் பட்டு மறுபடியும் முன்னோக்கித் திரும்பினால், அது படத்தின்மேல் மெல்லிய திரையாகப் படிந்து நிழல்களை வெளிறச் செய்யும். ஒட்டிய ஒற்றை வில்லையான இயற்கைக்காட்சி லென்ஸுக்குக் காற்றைத் தொடும் பரப்புகள் இரண்டே. அவற்றுக்குள் அமையும் ஜோடி ஒன்று. எனவே இப்படி இரட்டை எதிரொளிப்பில் திரையாக மாறும் ஒளி ஆயிரத்தில் இரண்டு பங்கைத் தொடுவதில்லை. பால் ருடால்ஃப் 1902-இல் சைஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த டெஸ்ஸார் லென்ஸுக்குப் பரப்புகள் ஆறு. ஆறுக்குள் பதினைந்து ஜோடிகள் அமையும். திரையொளி நூற்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக்கூடும். வானம் வெள்ளையாக எரியும் காட்சியில், வானத்தின் ஒளியில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள நிழலின்மேல் இந்தத் திரை விழுந்தால் நிழலின் ஆழம் பாதியாகிவிடும். ஆக, பூச்சில்லாத 1930-களின் லென்ஸ்தான் வெளிறிய படத்துக்கு அதிகம் ஆளாகும். 1850-களின் எளிய லென்ஸ் அந்த வகையில் தூய்மையானது. சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-இல் எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்தபோது ஜெர்மனி அதைப் படைத்துறை ரகசியமாகவே வைத்திருந்தது. போர்க்காலம் முழுவதையும் ஒரே 'மங்கல் தோற்றமாக' எண்ணுவது, எண்பது ஆண்டு ஒளியியல் வரலாற்றை ஒரே கரண்டியில் அள்ளுவதாகும்.

மூன்றாவது சிக்கல் லென்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. ட்ரைப் காலத்துக் காகித நெகட்டிவும் கொலோடியன் கண்ணாடித் தகடும் நீலத்தையும் ஊதாவையும் புற ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. பச்சையும் மஞ்சளும் சிவப்பும் அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. ஹெர்மன் வோகல் 1873-இல் சாயம் சேர்த்து உணர்திறனைப் பச்சைவரை நீட்டினார். சிவப்பையும் உணரும் தகடுகள் கடைக்கு வர 1906 ஆயிற்று. இந்த வேறுபாட்டை உணர நாட்றாம்பாளையத்துக் காட்சி ஒன்றை மனதில் நிறுத்தினால் போதும். ராயக்கோட்டை இருக்கும் அதே மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் பாதையில், கர்நாடக எல்லைக்கருகே உள்ள ஊர் அது. முன்னால் சிவந்த மண்ணில் கேழ்வரகுக் கொல்லை, அதன் பின்னே வெளிர்சாம்பல் பாறை, அதற்கும் அப்பால் காவிரிக்கு மறுகரையில் அடுக்கடுக்காகக் கர்நாடகத்து மலைகள், மேலே நீல வானம். நீலம் மட்டும் உணரும் தகட்டில் சிவந்த மண் கரியாகும். பச்சைப் பயிர் அதைவிடச் சற்றே வெளுத்த கருமையாகும். பாறை மட்டும் பளிச்சென்று நிற்கும். நீல வானம் வெள்ளைத் தாளாகும். மேகம் அதில் கரைந்துபோகும். எவ்வளவு விலையுயர்ந்த பழைய லென்ஸும் இன்றைய சென்சாரின்மேல் இந்த மாற்றத்தைச் செய்யாது. அடர்நீல வடிகட்டி ஒன்று அதைப் பெரும்பாலும் செய்துவிடும். ஒரு மலிவான கண்ணாடித் துண்டு, அரிய லென்ஸைவிடப் பழைய காலத்துக்கு நெருக்கமாக நம்மைக் கொண்டுபோகிறது என்பதே இந்தத் துறையின் உண்மை நிலை.

அதே காட்சியின் தொலைவுப் பகுதி இன்னும் முக்கியமானது. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. தூசி மிகுந்த காற்றில் இந்த வேறுபாடு குறையும். மழை பெய்து ஓய்ந்த நாளின் தெளிந்த காற்றில் முழுமையாகத் தெரியும். எனவே நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் மறுகரை மலைகள் நீலத் தகட்டில் வெண்திரைக்குள் மறைந்துவிடும். இப்படிப்பட்ட படம் ஒரு போர்க்களத்தில் எடுக்கப்பட்டிருந்தால் பின்னணியின் வெண்மையை வெடிமருந்துப் புகை என்று எண்ணத் தோன்றும். லென்ஸின் கோளாறு என்றும் எண்ணத் தோன்றும். இரண்டும் இல்லை, வெறும் காற்று. ட்ரைப் இந்தக் குறைகளை நன்கு அறிந்திருந்தார். அவருடைய நெகட்டிவ்களில் வானத்தில் மேகங்களும் சில இடங்களில் இலைத் திரளும் நிறமிகொண்டு கையால் தீட்டப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவர் படத்தில் மேகம் தெரிந்தால் அது அந்த நாளின் வானிலைக்குச் சாட்சி ஆகாது. தகட்டின் இயலாமையை ஈடுசெய்த கலைஞனின் தூரிகைக்கே சாட்சி. லென்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் இது படாமலே போகும்.

நான்காவது, காலம். காகித நெகட்டிவுக்கு நம் வெயிலிலும் நிமிடக்கணக்கில் ஒளி தேவைப்பட்டது. நடந்துபோன மனிதரும் மேய்ந்துபோன மாடும் அதில் பதிவதில்லை. பழைய கோட்டைப் படங்கள் ஆளரவமற்றுக் கிடப்பதைக் கண்டு அங்கே ஊரே இல்லை என்று முடிவுகட்டினால், நெகட்டிவின் குறையை வரலாற்றின் மேல் ஏற்றுகிறோம். இதற்கு எதிர்முனையில் போர் ஒளிப்படக்காரர் ராபர்ட் காப்பாவின் படங்கள் நிற்கின்றன. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அவர் கையில் இருந்தது காண்டாக்ஸ் கேமராவும் சைஸ் லென்ஸும். அந்தக் காலத்தின் மிகக் கூர்மையான கருவிகளில் சேர்ந்தவை அவை. ஆனாலும் உலகம் நினைவில் வைத்திருக்கும் அந்தப் படங்கள் அசைந்து கலங்கியவை. லென்ஸில் குறை இல்லாதபோதும் படம் கலங்கும். குறைந்த வெளிச்சமும் அசையும் உடலும் அதற்குப் போதும். 1998-இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி, அந்தக் கடற்கரையை மீண்டும் உருவாக்க லென்ஸ்களின் பூச்சை நீக்கச் செய்தார். அதோடு நிற்காமல், வழக்கமான 180 டிகிரி ஷட்டர் கோணத்தை 90-க்கும் 45-க்கும் குறைத்து, ஒவ்வொரு சட்டத்தின் ஒளிநேரத்தையும் சுருக்கினார். திரையில் மண் துகள் ஒவ்வொன்றும் வெட்டி வைத்ததுபோல் தெரிவது அதனால்தான். ஒரே கடற்கரையை நினைவூட்ட, காப்பாவின் படம் அசைவால் கலங்கியது. கமின்ஸ்கியின் படம் அசைவை வெட்டி நிறுத்தியது. இரண்டும் மனதைத் தொடுகின்றன. ஆனால் இரண்டாவது முதலாவதின் ஒளியியல் மறுபதிப்பு ஆகாது. அது ஓர் உணர்வை மீட்டெடுத்த சிறந்த கலைப்படைப்பு.

இத்தனையும் சொன்ன பிறகு, மறு உருவாக்கம் எதற்கு என்ற கேள்வி எழும். விடை, படங்களைத் திரும்ப வாசித்தவர்களின் வேலையில் இருக்கிறது. கிரிமியப் போரில் ரோஜர் ஃபென்டன் 1855-இல் ஒரே பள்ளத்தாக்கை ஒரே இடத்திலிருந்து இருமுறை எடுத்தார். ஒன்றில் பாதையில் பீரங்கிக் குண்டுகள் கிடக்கின்றன. மற்றதில் பாதை வெறுமையாக இருக்கிறது. எது முந்தியது என்ற வாதம் நீண்டகாலம் தீராமல் இருந்தது. 2007-இல் திரைப்பட இயக்குநர் எரல் மோரிஸ் முன்னின்று நடத்திய ஆய்வில், சரிவில் கிடந்த சிறு கற்கள் ஒரு படத்துக்கும் மறுபடத்துக்கும் இடையே கீழ்நோக்கி உருண்டிருப்பது தெரிந்தது. கல் தானாக மேலே ஏறாது. ஆகவே வெற்றுப் பாதைதான் முந்தையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்தில் 1863-இல் அலெக்சாண்டர் கார்ட்னர் குழுவினர் எடுத்த படங்களின் இடங்களை ஆய்வாளர் வில்லியம் ஃப்ராசனிட்டோ களத்திலேயே தேடிக் கண்டுபிடித்து, இறந்த வீரர் ஒருவரின் உடல் இடம் மாற்றப்பட்டு இரண்டாம் முறை படமாக்கப்பட்டதை 1975-இல் நிறுவினார். லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் ஃபெலிஸ் பியாட்டோ 1858-இல் எடுத்த, எலும்புகள் சிதறிக் கிடக்கும் படம் சிப்பாய்க் கிளர்ச்சியின் சண்டை அங்கே முடிந்து சில மாதங்களுக்குப் பின் எடுக்கப்பட்டது. இந்த மூன்றிலும் உண்மையை வெளிக்கொணர்ந்தது ஒரே முறைதான். படத்தில் தெரிவதில் எது கருவியினால், எது இயற்கையினால், எது மனிதக் கையினால் என்று பிரித்துப் பார்த்ததே அது. நெய்யின் எடை அறியப் பாத்திரத்தின் எடையை முதலில் கழிப்பதுபோல, கருவியின் பங்கைக் கழித்தால்தான் நிகழ்வின் பங்கு தெரியும். பழைய லென்ஸால் செய்யும் மறு உருவாக்கம் அந்தப் பாத்திரத்தின் எடையைக் காணும் வேலை.

ராயக்கோட்டையில் இதை எப்படிச் செய்வது என்பதும் கடினமான கேள்வி இல்லை. ட்ரைப்பின் படத்தில் அருகிலுள்ள பாறைக்கும் பின்னால் தெரியும் முகட்டுக்கும் உள்ள இடைவெளி, கேமரா நின்ற இடத்தைச் சில அடிகளுக்குள் காட்டிக்கொடுக்கும். இடம் சற்று விலகினாலும் அந்த இடைவெளி மாறிவிடும். நிழல்களின் சாய்வு நேரத்தைச் சொல்லும். சுமார் 12.5 டிகிரி வடக்கு அகலாங்கில் உள்ள இந்த ஊரில் மார்கழி மாதத்தில் உச்சிப்பொழுதிலும் சூரியன் தென்புறம் சாய்ந்து 55 டிகிரி உயரத்தை ஒட்டியே நிற்கும். இடமும் நேரமும் உறுதியானபின் படிகளைப் பிரித்துச் செய்யவேண்டும். முதலில் இன்றைய லென்ஸும் இன்றைய சென்சாரும். அடுத்து அதே லென்ஸுடன் நீல வடிகட்டி. பிறகு பெரிய தகட்டு அளவில் பழைய இயற்கைக்காட்சி லென்ஸ். கடைசியில், கைவரப் பெற்றவர் இருந்தால், மெழுகிட்ட காகித நெகட்டிவ். ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் மாற்றினால், 1858-ஆம் ஆண்டுப் படத்தின் எந்தத் தன்மை எந்தப் படியில் தோன்றுகிறது என்பது தெரிந்துவிடும். எல்லாப் படிகளும் முடிந்த பிறகும் இரண்டு படங்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு எஞ்சினால், அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் இருக்கமுடியும்: மலை மாறியிருக்கிறது, அல்லது ட்ரைப் கை வைத்திருக்கிறார். இடிந்த மதில், வெட்டப்பட்ட பாறை, அடர்ந்த அல்லது அழிந்த புதர்க்காடு எல்லாம் அந்த எச்சத்தில்தான் கிடைக்கும். இதற்கு வேண்டிய இணைப்பு வளையத்தையும் குவியம் திருப்பும் திருகையும் வரவழைக்க வெளிநாடு போகவேண்டாம். ஓசூர் சிப்காட்டைச் சுற்றி இயங்கும் பட்டறைகளில் நல்ல லேத்தும் அளவறிந்த கைகளும் இருக்கின்றன.

இதற்கு மறுப்புகள் உண்டு. கணினி நிரல் நொடியில் செய்வதற்கு இவ்வளவு பாடு ஏன் என்பது முதல் மறுப்பு. நிறமாற்றத்தை நிரல் ஓரளவு சரியாகச் செய்யும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். லென்ஸின் நடத்தையை அது அப்படிச் செய்யமுடியாது. பெட்ஸ்வல் லென்ஸின் ஓரக்கலக்கம், பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தட்டையாக எடுத்து முடிந்த ஒரு படத்தில் அந்தத் தொலைவு பதிவாகியிருப்பதில்லை; நிரல் அதை ஊகிக்கிறது. மேலும், நிரலில் இருப்பது நமக்கு ஏற்கனவே தெரிந்தவை மட்டுமே. தெரியாத ஒன்றை எதிர்ப்படச் செய்வதுதான் சோதனையின் பயன். இரண்டாவது மறுப்பு வலுவானது: பழைய லென்ஸ் இன்று அதே லென்ஸாக இல்லை. வில்லைகளை ஒட்டிய பிசின் மஞ்சளாகியிருக்கும். உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கும். மேற்பரப்பில் கீறல் விழுந்திருக்கும். இரண்டாம் உலகப்போரின் வான்வழிப் படங்களுக்காகக் கோடாக் செய்த ஏரோ எக்டார் லென்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கண்ணாடியில் கலந்த தோரியத்தின் கதிரியக்கம் காலப்போக்கில் கண்ணாடியையே பழுப்பாக்கிவிடுகிறது. அந்தப் பழுப்பு 1940-களின் படங்களில் இல்லை. நாம் இன்று காண்பது முதுமையின் நிறம். ஆனால் இந்த மறுப்பு சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை. அளந்து செய்யச் சொல்கிறது. லென்ஸ் எந்த நிறத்தை எவ்வளவு விடுகிறது என்பதை அளக்கலாம். ஒரே வகையில் பல லென்ஸ்களை ஒப்பிடலாம். தோரியக் கண்ணாடியின் பழுப்பைப் புற ஊதா ஒளியில் வைத்துப் பெரும்பகுதி போக்கலாம். அளக்காமல் மாட்டி எடுப்பவர்கள்தான் முதுமையைக் காலம் என்று மயங்குகிறார்கள்.

மூன்றாவது மறுப்பு மனச்சான்று சார்ந்தது. போர்ப் படத்தின் சாயலை அழகாக மீட்டெடுப்பது, போரின் கொடுமையை அலங்காரமாக்குவதில்லையா? அலங்காரத்துக்காக எடுத்தால் ஆகும். அதை மறுக்க இயலாது. ஆனால் உக்ரைன் போரில் ஒளிப்படக்காரர் எட்வர்ட் காப்ரோவ் கொலோடியன் தகடுகளோடு போய் நின்றதுபோல, பழைய முறையை நிகழ்காலத்தின் சாட்சியாக ஆக்கியவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுக்காகச் செய்யும் மறு உருவாக்கம் அலங்காரத்துக்கு நேர் எதிரானது. ஃபென்டனின் கிரிமியப் படங்களில் இறந்தவர்களின் உடல்கள் இல்லை. 'அந்தக் காலத்து லென்ஸால் போர்க்களத்தைப் பிடிக்க முடியவில்லை' என்று அதற்குச் சமாதானம் சொல்வது எளிது. அசையாத உடலைப் பிடிக்க அந்த லென்ஸும் தகடும் தாராளமாகப் போதும். எட்டே ஆண்டுகள் கழித்துக் கெட்டிஸ்பர்க்கில் கார்ட்னர் குழுவினர் அதே கொலோடியன் முறையில் அதைச் செய்தார்கள். எனவே ஃபென்டனின் மௌனம் கருவியின் மௌனம் அன்று. அது மனிதர்களின் தேர்வு. கருவியின் எல்லையைத் துல்லியமாக அறிந்தவரால் மட்டுமே இந்தப் பொறுப்பை உரியவர்மேல் வைக்கமுடியும். சண்டையின் ஓட்டம் பதியாததற்குத் தகட்டைக் குறைசொல்லலாம். சடலங்கள் பதியாததற்குச் சொல்லமுடியாது.

இந்தக் கழித்தல் கணக்கு பழங்கதைக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தமிழர்களாகிய நாம் நன்கு அறிவோம். இலங்கைப் போரின் இறுதிக்கட்டத்தில் கைது செய்யப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படுவதாகக் காட்டும் கைபேசிக் காணொளி ஒன்று 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் வெளியானபோது, இலங்கை அரசு அதைப் போலி என்றது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், தடயவியல் மருத்துவம், துப்பாக்கி, காணொளி ஆகிய மூன்று துறை வல்லுநர்களிடம் அதை ஒப்படைத்தார். பதிவில் தெரியும் எந்தத் தன்மை கைபேசிக் கேமராவினால் வருவது, எது நிகழ்விலிருந்து வருவது என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். விளக்கமுடியாத சில கூறுகள் எஞ்சியிருப்பதையும் மறைக்காமல் சொல்லி, காணொளி உண்மையானதாகவே தெரிகிறது என்ற முடிவை 2010 ஜனவரியில் ஆல்ஸ்டன் வெளியிட்டார். பாராமகாலின் மலைக்கோட்டையை மறுபடி படமெடுப்பதற்கும் இதற்கும் அளவில் பெரும் வேறுபாடு உண்டு. முறையில் வேறுபாடு இல்லை. ஒரு படத்தைப் பார்த்தவுடன் நம்பவும் கூடாது, பார்த்தவுடன் போலி என்று தள்ளவும் கூடாது. கருவியைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பார்க்கவேண்டும். நடக்காத போரை நடந்ததுபோல் செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் இந்த நாளில், இந்தப் பழக்கம் குடிமக்கள் எல்லாருக்கும் வேண்டியது.

எனவே பழைய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைச் சுழலும் பின்புலத்துக்காக மட்டும் செலவிடாதீர்கள். எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் லென்ஸின் பெயர், துளையளவு, வடிகட்டி, ஒளிநேரம், நின்ற இடம் ஆகியவற்றை எழுதி வையுங்கள்; மறு உருவாக்கப் படத்தை 'போர்க்காலப் படம்' என்று பெயரிடாமல் மறு உருவாக்கம் என்றே சொல்லுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் கைகோத்து, ராயக்கோட்டை மலையை 1858-இன் இடத்திலிருந்தே மறுபடி படமெடுக்கவேண்டும். நாட்றாம்பாளையத்திலிருந்து காவிரிக்கு மறுகரை மலைகளை நீல வடிகட்டியோடும் இல்லாமலும் எடுத்து மாணவர்களுக்குக் காட்டவேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை; பொறுமையும் பதிவேடும் போதும். மலை நம் ஊரில் இருக்கிறது, படம் நூற்றாண்டைத் தாண்டி வந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டிய பொறுப்பு நம்முடையது.